மருத்துவமா, பி.எச்டி.யா? பாளையங்கோட்டை ஆலோசனை மையம் ஒன்று: மதிப்புரை

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் இயங்கும் மையம். பெயர் வேண்டாம், வண்ணார்பேட்டைப் பக்கமும் இதே சரக்குத்தான். பிள்ளையையும் பெற்றோரையும் சேர்த்து உட்கார வைத்து, டாக்டருக்குப் படிக்கலாமா, ஆராய்ச்சிக்குப் போகலாமா என்று வழி சொல்கிறார்கள். மருத்துவத்துக்கு வழி கேட்க நம்பிப் போகலாம். ஆராய்ச்சிக்குக் கேட்டால் அரைகுறைதான் கிடைக்கும்.

நீட் விவரத்தில் பிசகில்லை. 180 கேள்வி, 720 மதிப்பெண், அதில் பாதி உயிரியல், தப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போகும் என்பதோடு நிறுத்தாமல், 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்த சான்று தேவை என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுகிறார்கள். ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியில் 250 இடம். நாலரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன், எம்.டி.க்கு இன்னும் மூன்று. எம்.டி. சேர எழுதும் நீட் பி.ஜி.க்காகக் காத்திருக்கும் காலம் இந்தக் கணக்கில் வராது என்றும் சொல்கிறார்கள். நல்ல விஷயம்.

பி.எச்டி. என்றதும் சுருதி இறங்கிவிடுகிறது. ‘எம்.எஸ்சி. முடிச்சா மூணே வருஷம்’ என்கிறார்கள். மூன்று என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதிப்படி குறைந்தபட்சம், அதிகபட்சம் ஆறு. ஆய்வுக்கூட உயிரியலில் ஐந்தை ஒட்டித்தான் முடியும். செல் வளர்ப்பில் ஒரு தடவை பூஞ்சை புகுந்தால் மாதக்கணக்கான வேலை குப்பைக்குப் போகும். வேதிப்பொருள் கொட்டேஷன், கையெழுத்து என்று சுற்றி வருவதற்குள் செமஸ்டர் ஓடிவிடும். பி.எஸ்சி. தொடங்கிக் கூட்டினால் பத்து வருஷம். எம்.பி.பி.எஸ்.ஸை விடக் குறுக்கு வழி என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

பணக் கணக்கையும் பாதிதான் சொல்கிறார்கள். நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. அதே நெட்டில் பி.எச்டி. சேர்க்கைக்கான தகுதி மட்டும் கிடைத்தால் இந்தத் தொகை கிடையாது. கிடைப்பவர்களுக்கும் மாதாமாதம் வரும் என்று உறுதியில்லை. சில மாதச் செலவுக்குக் கையிருப்பு வேண்டும்.

பி.எச்டி.க்கு வழிகாட்டும் பேராசிரியர், அதாவது கைடு பற்றி ஒரு வார்த்தை இல்லை. அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமோ பாளையங்கோட்டைக் கல்லூரியோ, தலைப்பை விடக் கைடுதான் முக்கியம். பேராசிரியர் 8 ஆய்வு மாணவர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் எடுக்கலாம். ஓய்வுக்கு மூன்று வருஷத்துக்கும் குறைவாக இருந்தால் புதிதாக எடுக்க முடியாது. அந்த ஆய்வுக்கூடத்தில் இப்போது இருக்கும் ஆய்வாளரைத் தனியாகப் பிடித்து, இதுவரை எத்தனை பேர் முடித்தார்கள், எந்த வருஷத்தில் முடித்தார்கள் என்று கேட்டால் வேண்டியது தெரிந்துவிடும்.

முக்கியமான இன்னொன்றும் விட்டுப்போகிறது. எம்.பி.பி.எஸ். முடித்தவர் அறிவியல் பாடங்களுக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதி ஆராய்ச்சிக்குப் போகலாம், பி.எச்டி. முடித்தவர் நோயாளியைத் தொட வேண்டுமானால் நீட்டிலிருந்து தொடங்க வேண்டும். அதற்காக எல்லோரையும் வார்டுக்குத் தள்ளுவதும் சரியில்லை. நோய் எப்படி வருகிறது என்பதில் மட்டும் ஆர்வம், நோயாளியிடம் பேசப் பிடிக்காது என்கிற பிள்ளைக்கு அந்த ஐந்தரை வருஷம் பாரம்தான். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மலைக்கு அந்தப்புறம் திருவனந்தபுரத்திலேயே ஐசர் என்கிற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதன் நுழைவுத் தேர்வில் 60 கேள்வி, அதில் பதினைந்து கணக்குப் பாடத்திலிருந்து. கணக்கு இல்லாத பியூர் சயின்ஸ் குரூப் எடுத்தவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் மொத்தம் 240-ல் அந்தப் பதினைந்து கேள்விக்கான 60 மதிப்பெண் கிட்டத்தட்டப் போனதுதான்.

நீட் மார்க் குறைவு என்று தெரிந்ததும் மேஜை இழுப்பறையிலிருந்து வெளிநாட்டுக் கல்லூரி நோட்டீஸ் வெளியே வருகிறது. அங்கே 54 மாதப் படிப்பு, அங்கேயே 12 மாதப் பயிற்சி, ஊருக்கு வந்து தகுதித் தேர்வு, மறுபடி 12 மாதம். இந்த நான்கையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். ‘இதுல உங்களுக்குக் கமிஷன் உண்டா அண்ணாச்சி?’ என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

போவதானால் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரமே, பிளஸ் ஒன் குரூப் எழுதிக் கொடுக்கும் முன்பே போங்கள். பிளஸ் டூ முடித்துவிட்டுப் போனால் நீட் பற்றித் தவிர அங்கே கேட்க ஒன்றும் மிச்சமிருக்காது.