அன்னபூர்ணாவுக்கு எந்த கேமரா?

நேபாளத்தின் அன்னபூர்ணா அடிவார முகாம் 4,130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வழியெல்லாம் கல்படிகள், மழை, மேலே போனால் பனி. இந்த நடைப்பயணத்துக்கு லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய டிஎஸ்எல்ஆர் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவதா, தண்ணீர் புகாத சின்ன கேமராவான ஓஎம் சிஸ்டம் டிஜி-7 (TG-7) போதுமா? என் ஓட்டு டிஜி-7க்குத்தான்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று, தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் நடுவிலேயே நின்று டிஜி-7ல் படம் எடுத்தேன். சட்டை தொப்பலாக நனைந்தது. லென்ஸில் விழுந்த துளிகளைத் துண்டு முனையால் துடைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடலாம். 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும் கேமராவுக்கு இதெல்லாம் சாதாரணம். ஆனால் பேட்டரி மூடியைப் பூட்டும் முன் ரப்பர் வளையத்தில் மணல் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். ஒரு துகள் போதும், தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

மதுரை யானைமலைப் பாறையில் ஒட்டியிருந்த எறும்பை ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் எடுத்தேன். காலில் இருந்த முடிகூடத் தெரிந்தது! டிஎஸ்எல்ஆரில் இதற்குத் தனி லென்ஸ் வேண்டும்.

ஆனால் டிஜி-7ன் சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் பகுதி, சின்னது; 12 மெகாபிக்சல்தான். விடிவதற்கு முன் மலைமுகட்டை எடுத்தால் படம் புள்ளிபுள்ளியாகத்தான் வரும். சுவரில் பெரிதாக மாட்டப் படம் வேண்டுமென்றால் டிஎஸ்எல்ஆரே சரி. எனக்கு 250 கிராமுக்குள் சட்டைப்பையில் அடங்குவதுதான் முக்கியம்.

அப்புறம், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். கூடுதலாக ஒன்று வாங்கி, உடம்பை ஒட்டிய உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.