கடைத்தெரு குடியிருப்பின் நடுவிலா, சாலையோரத்திலா?

நடந்தே போய்வரும்படி ஒரு குடியிருப்பை வரையும்போது முதல் வாக்குவாதம் கடைத்தெரு எங்கே என்பதில்தான் கிளம்பும். வரைபடத்தில் நடுவில் வைத்தால் கண்ணுக்கு அழகு. எந்த வீட்டுக்கும் தூரம் அதிகமில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும்.

நிமிடத்துக்கு 80 மீட்டர் வீதம் ஐந்து நிமிடம் நடந்தால் 400 மீட்டர். அந்த ஆரத்துக்கு வட்டம் போட்டால் 50 ஹெக்டேர். ஆனால் தெரு வழியாகத்தானே நடக்க முடியும்? தெருக்கள் சதுரங்கக் கட்டம்போலச் சீராக இருந்தாலே எட்டும் பரப்பு 32 ஹெக்டேராகச் சுருங்கிவிடும். முட்டுச்சந்துகள் நிறைந்திருந்தால் இன்னும் மோசம். ஹெக்டேருக்கு 40 வீடு என்று வைத்தால் 1,280 வீடுகள். சில்லறை வணிகத் திட்டமிடலில் புழங்கும் தோராயக் கணக்குப்படி ஒரு தெருமுனைக் கடைக்கே சுமார் 1,000 வீடு வேண்டும். சூப்பர் மார்க்கெட்டை மையமாகக் கொண்ட கடைத்தொகுதிக்கு 6,000 முதல் 8,000 வரை. ஆக, நடுவில் வைத்த கடைத்தெரு ஒரு மளிகைக் கடையைத் தாங்கும், பத்துக் கடையைத் தாங்காது. வெளியாள் கண்ணில் படாத இடத்தில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும்.

அமெரிக்கத் திட்டமிடலாளர் கிளாரன்ஸ் பெரி 1929-இல் வெளியிட்ட குடியிருப்பு அலகுத் திட்டத்தில் இதற்கு விடை இருக்கிறது. சுமார் 160 ஏக்கர், நடுவில் பள்ளி, கடைகளோ விளிம்பில், பெரிய சாலைகள் சந்திக்கும் மூலைகளில். அங்கே பக்கத்துக் குடியிருப்புகளும் வாடிக்கையாகச் சேரும், சாலையில் போகிறவர்களும் நிற்பார்கள்.

ஓரத்தில் வைப்பதன் குறை அந்தச் சாலையேதான். 24 மீட்டர் அகலச் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க 20 நொடி ஆகும். 0.8 மீட்டர் வேகத்தில் நடக்கும் முதியவருக்கு 30 நொடி. சிக்னல் 20 நொடிதான் தருகிறது என்றால் எதிர்ப்பக்கத்து வாடிக்கையாளர்களை மறந்துவிட வேண்டியதுதான். நடுவே 2 மீட்டர் அகலத்தில் நின்று கடக்க ஒரு திட்டு, திருப்பத்தில் வண்டி வேகம் தானாகக் குறையும்படி சின்ன வளைவு: இரண்டும் முதல் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். சாலை போட்ட பிறகு யாரும் சேர்த்துத் தர மாட்டார்கள்.

எங்கள் தேர்வு மூன்றாவது இடம்: உள்தெரு பிரதான சாலையில் வந்து சேரும் வாய். பெரிய கடை மூலையில், சாலையிலிருந்து பார்த்தாலே தெரியும்படி. பேருந்து நிறுத்தம் அதை ஒட்டி. மற்றக் கடைகள் உள்தெருவின் முதல் 80 முதல் 100 மீட்டருக்குள், இருபுறமும் எதிரெதிராக. ஒரு பக்கம் மட்டும் கடை, எதிரில் மதில் என்றால் தெரு களைகட்டாது. வண்டி நிறுத்தம் கட்டடத்தின் பின்னால். முன்னால் விட்டால் நடந்து வருகிறவர் வெயிலில் கார்களுக்கு நடுவே புகுந்து வர வேண்டியிருக்கும். அடுத்த முறை அவரும் வண்டியில்தான் வருவார். குடியிருப்பின் நடுவைப் பள்ளிக்கும் பூங்காவுக்கும் விட்டுவிடலாம்.

சாலை நெடுகக் கடை என்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஒன்றரை கிலோமீட்டர் நீளத்தில் கடைகள் சிதறினால் மருந்துக்கடைக்கும் மளிகைக்கும் இடையே ஆள் வண்டி எடுப்பார். ரயில் நிலையம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். சுவீடனில், ஸ்டாக்ஹோமின் புறநகரான வேலிங்பியில் 1954-இல் மெட்ரோ நிலையத்தை ஒட்டியே கடைமையம் திறந்தார்கள். அதை நெருங்கி அடுக்குமாடிகள், தள்ளித் தனிவீடுகள்.

அடுத்த தேர்வு: கீழே கடை, மேலே வீடு என்று அடுக்குவதா, கடையும் வீடும் அடுத்தடுத்த கட்டடங்களிலா? அடுக்கினால் மாலையிலும் தெருவில் ஆள் இருக்கும், மேலிருந்து கண் இருக்கும். செலவும் சிக்கலும் கூடும். பெரும்பாலும் தவறுவது சமையல் புகையை மேலே கொண்டுபோகும் புகைபோக்கிக் குழாய். தரைத்தளத்திலிருந்து கூரை வரை அதற்கு இடம் விடாமல் கட்டிவிட்டால், அங்கே உணவகம் வர முடியாது. வந்தால் எண்ணெய்ப் புகை முதல் மாடிப் படுக்கையறைக்குப் போகும். சரக்கு இறக்கப் பின்வழி, குப்பைக்குத் தனி அறை, குடியிருப்போருக்குத் தனி வாசல் மூன்றையும் முதலிலேயே வரைய வேண்டும். எல்லாத் தரைத்தளமும் கடையாக வேண்டும் என்று விதி போடுவது பெரிய தவறு. பாதி காலியாகக் கிடக்கும். அந்த 100 மீட்டருக்குள் மட்டும் கட்டாயமாக்கி, மற்ற இடங்களில் தரைத்தள உயரத்தை 4 முதல் 4.5 மீட்டர் வைத்து வீடாகவோ அலுவலகமாகவோ விட்டால், தேவை வரும்போது கடையாக மாற்றிக்கொள்ளலாம்.

கடைகளைத் தனித்தனியாக விற்றுவிடுவதும் ஆபத்து. ஆளுக்கு ஒரு ஷட்டர் என்றால் ஒவ்வொருவரும் தன் வாடகையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார், தெரு பல்லுப்போன வாய்போல ஆகிவிடும். ஒரே உரிமையாளர் கையில் இருந்தால் மளிகைக் கடைக்கு முதல் இரண்டு வருடம் வாடகையைக் குறைத்து, அதைப் பக்கத்துக் கடைகளின் வாடகையில் ஈடுகட்டலாம். வீடுகள் பாதி நிறைவதற்குள் அந்த மளிகைக் கடை திறந்துவிட வேண்டும். தாமதமானால் குடிவந்தவர்கள் வண்டியில் போய் வாங்கப் பழகிவிடுவார்கள், அதை மாற்றுவது கடினம்.