கொளத்தூர் மீன் கடை: ஃபில்டருக்குப் போகலாம், மீனுக்கு வேண்டாம்

புதிதாக மீன் வளர்க்கப்போகும் நண்பர் ஒருவர், நான் வழக்கமாகப் போகும் கடையிலேயே வாங்கலாமா என்று கேட்டிருந்தார். போன வாரம் ஃபில்டர் ரிப்பேருக்காக அங்கே போய்வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. சென்னை கொளத்தூரில் பல வருடங்களாக நான் போகும் கடை அது. பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு கடையோடு நிற்பதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். என் கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே டப்பா மாதிரி இருக்கும் ஃபில்டர்) தண்ணீர் இழுக்காமல் உறுமிக்கொண்டே இருந்தது. புதுசு வாங்குங்கள் என்று சொல்லியிருந்தால் வாங்கியிருப்பேன். ஆனால் மோட்டாரைக் கழற்றி, தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் விசிறி நடுவில் இருக்கும் செராமிக் கம்பி உடைந்திருப்பதைக் காட்டி, அதை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது ஓடுகிற சத்தமே தெரியவில்லை. மீன் கட்டிக்கொடுக்கும் பையனும் கெட்டிக்காரன். கவரில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர், மீதி ஆக்ஸிஜன், மேலே இன்னொரு கவர். வெயிலில் தாம்பரம் வரை கொண்டுபோனாலும் தாங்கும்.

இப்போது என் கோபத்துக்குக் காரணமான கோல்ட் ஃபிஷ் தொட்டிக்கு வருகிறேன்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான் பிடிக்கும். அதற்குள் நூறுக்குக் குறையாமல் விரல் நீள மீன்கள். ஏர் ஸ்டோன் குமிழி விடும் மூலையில் ஒரே நெரிசல். அங்கே இடம் கிடைக்காதவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு சில அடியில் கிடந்தன. ஸ்பான்ஜ் ஃபில்டரில் செத்த மீன் ஒன்று ஒட்டியிருந்தது. பையன் அதை வலையால் எடுத்துப் போட்டுவிட்டு, வலையைக் கழுவாமலே பக்கத்துத் தொட்டியில் ஒரு வாடிக்கையாளருக்கு மோலி மீன் பிடித்தான்.

கோல்ட் ஃபிஷ் மற்ற சின்ன மீன்களைவிட அதிகம் கழிவு போடும். அந்தக் கழிவிலிருந்து வரும் அமோனியா செவுளை அரிக்கும். சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் கொஞ்சம் காரத்தன்மை உள்ளது. காரமும் சூடும் கூடக் கூட அமோனியாவின் விஷமும் கூடும். போதாக்குறைக்கு ஒயிட் ஸ்பாட், மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளி போடும் ஒட்டுண்ணி நோய். அந்த ஒட்டுண்ணி தண்ணீரில் நீந்திப்போய் அடுத்த மீனைப் பிடிக்க வேண்டும். இவ்வளவு நெரிசலில் அதற்கு அலையவே தேவையில்லை. மிச்ச வேலையை ஈர வலை பார்த்துக்கொள்ளும்.

தெரியாமல் செய்கிறார்கள் என்றால் மன்னித்துவிடலாம். ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் 5 அடித் தொட்டியில் விலை உயர்ந்த அரோவானா மீன் ஒன்று தனியாக இருக்கிறது. கண்ணாடி மாதிரி தண்ணீர், ஹீட்டர், தனி ஃபில்டர், அதற்கென்று தனி வலை. மீனை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று இவர்களுக்கு நன்றாகவே தெரியும். விலை குறைந்த மீனுக்கு அதைச் செய்வதில்லை, அவ்வளவுதான்.

உரிமையாளரிடம் கேட்டேன். "தொட்டி காலியா இருந்தா கஸ்டமர் உள்ளயே வர மாட்டாங்க சார். லோடு வந்தா எங்க கொட்டுறது?" என்றார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. வாடகை, கரண்ட் பில், ஜோடிக்குச் சில ரூபாய் லாபம். நிறைய மீன் இருக்கும் தொட்டியைத்தான் நாமும் நின்று பார்க்கிறோம்.

ஆனால் அந்த நெரிசலுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? செவுள் கெட்ட மீன் பெரும்பாலும் கடையில் சாவதில்லை. விற்றுப்போய், நம் வீட்டில் நான்காம் நாளோ பத்தாம் நாளோ சாகிறது. குழந்தை அழுகிறது. "நம்ம வீட்டுக்கு மீன் ராசி இல்லை" என்று அம்மா சொல்கிறார். "வீட்டுக்கு வர இருந்த கஷ்டத்தை மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டது" என்று பக்கத்து வீட்டில் ஆறுதல் சொல்கிறார்கள். யாரும் கடைக்குத் திரும்பிப் போய்க் கேள்வி கேட்பதில்லை. எனக்கு அடங்காத ஆத்திரம் இதில்தான்.

2017ல் மத்திய அரசு மீன் கடைகளுக்கென்றே விதிகள் கொண்டுவந்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வைக்கக் கூடாது என்றெல்லாம் இருந்தது. பல வகை மீன்களை விற்கவே கூடாது என்று நீண்ட பட்டியலும் சேர்ந்து வந்ததால் தொழிலில் இருப்பவர்கள் எதிர்த்தார்கள். அதில் நியாயம் இருந்தது. பிறகு அந்த விதிகள் திரும்பப் பெறப்பட்டன. பட்டியலை எடுத்துவிட்டு, தொட்டி அளவைப் பற்றிய பகுதியையாவது வைத்திருக்கலாம்.

நண்பருக்கு என் பதில் இது. ஃபில்டர், செடி, தீனி, ரிப்பேர் எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போங்கள். தொட்டியை மீன் விடாமல், தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு ஒரு மாதம் ஓட்டுங்கள். தீனி அழுகி வரும் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஃபில்டரில் வளர அவ்வளவு நாள் ஆகும். மீனை மட்டும் சிமென்ட் தொட்டியில் கப்பியோ மோலியோ ஒரே வகையை வளர்த்து விற்பவரிடம் வாங்குங்கள். எதிரில் தீனி போடச் சொல்லி, ஓடிவந்து தின்னும் மீனைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் கவர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

இவ்வளவு பாராட்டிவிட்டு ஐந்துக்கு இரண்டு ஸ்டார்தானா என்று கேட்கலாம். இன்றைக்கு அவ்வளவுதான் கொடுக்க மனம் வருகிறது. அந்த கோல்ட் ஃபிஷ்களை நாலு தொட்டியில் பிரித்துவிட்டு, தொட்டிக்கு ஒரு வலை வைக்கட்டும், மாற்றி எழுதுகிறேன்.