மெதெயினில் ஆங்கிலம் கற்க ஓர் இடம்: எல் கொலொம்போ

கொலம்பியாவின் மெதெயின் நகரில் ஆங்கிலம் படிக்க எங்கே போகலாம் என்று கேட்டால் முதலில் வரும் பெயர்களில் ஒன்று "எல் கொலொம்போ". முழுப் பெயர் சென்ட்ரோ கொலொம்போ அமெரிகானோ. கொலம்பியாவுக்கும் அமெரிக்காவுக்கும் பொதுவான பண்பாட்டு மையம், 1947-இல் தொடங்கியது. ஆங்கில வகுப்புதான் முக்கியத் தொழில். ஆனால் அங்கேயே ஒரு திரையரங்கு, ஓர் ஓவியக் காட்சிக்கூடம், ஒரு நூலகம் எல்லாம் உண்டு. நான் இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டவன். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், மனைவியின் தம்பியை நல்ல இடமாகப் பார்த்துச் சேர்த்துவிடும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அவனுக்கு ஆங்கிலம் வேண்டியது வேலைக்காக. மெதெயினில் கால் சென்டர்கள் நிறைய. ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தவனுக்கு ஒரு சம்பளம், ஆங்கிலமும் பேசுகிறவனுக்கு வேறொரு சம்பளம். அந்த அவசரத்தில் அவன் முதலில் போனது வேறோர் இடம். சீக்கிரமே சரளமாகப் பேச வைக்கிறோம் என்று தெருவில் துண்டுச்சீட்டு கொடுத்து உள்ளே அழைத்துப் போவார்கள். நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கணினி முன்னால் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள். வாயைத் திறந்து பேச எதிரில் ஓர் ஆள் இல்லை. தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் போனது. நம் ஊர்ப் பேருந்து நிலையத்து மாடியில் "முப்பது நாளில் ஆங்கிலம்" என்று பலகை மாட்டியிருக்கும் அறைகளின் ஞாபகம்தான் எனக்கு வந்தது.

கொலொம்போவில் முதலில் எந்த நிலையில் இருக்கிறாய் என்று சோதித்துப் பார்த்துத்தான் வகுப்பு சொல்கிறார்கள். அவனுக்கு அடிமட்டத்திலிருந்தே தொடங்கச் சொன்னார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அவன் வகுப்பு முடியும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகப் போய் வராந்தாவில் நின்றிருக்கிறேன். கதவு திறந்திருக்கும். ஒருநாள் உள்ளே "ஸ்கூல்" என்ற ஒரே வார்த்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்பானிஷ்காரர்களுக்கு "ஸ்" என்று தொடங்கவே வராது. "எஸ்கூல்", "எஸ்பெயின்", "எஸ்டூடன்ட்" என்று முன்னால் ஓர் "எ" ஒட்டிக்கொள்ளும். என் அப்பத்தா "இஸ்கூலு" என்றதும் இதே கதைதான். ஆசிரியை அவர்களைத் திருத்தித் திருத்திக் களைப்பாக்கவில்லை. குக்கரில் ஆவி போவது மாதிரி "ஸ்ஸ்ஸ்" என்று நீட்டச் சொன்னார். மூச்சு விடாமல் அதன் வாலில் "கூல்" என்று ஒட்டச் சொன்னார். பிறகு நீட்டலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். கடைசியில் அவன் வாயிலிருந்து சுத்தமாக "ஸ்கூல்" வந்தபோது வகுப்பே கை தட்டியது.

அந்த ஆசிரியை மெதெயின்காரர். ஆங்கிலத்தைப் பிற்பாடு கற்றுக்கொண்டவர். அதனாலேயே நாக்கு எங்கே தடுக்கும் என்று அவருக்குத் தெரிகிறது. "வெள்ளைக்கார வாத்தியார் இருந்தால்தான் ஆங்கிலம் வரும்" என்ற எண்ணம் இங்கேயும் உண்டு, நம்மிடமும் உண்டு. தொடக்க நிலைக்கு என்னைக் கேட்டால், தானும் தடுமாறிக் கற்றவர்தான் நல்ல ஆசிரியர்.

சரி, வகுப்பு நன்றாக இருக்கிற பள்ளிகள் இன்னும் சில இருக்கலாம். நான் இந்த இடத்தைத் தூக்கிப் பேசுவது திரையரங்குக்காக. வணிக வளாகத் தியேட்டர்களில் தலைகாட்டாத படங்கள் இங்கே ஓடுகின்றன. வெளிநாட்டுப் படங்கள் மூலமொழியிலேயே, கீழே ஸ்பானிஷ் வரிகளோடு. ஆங்கிலப் படமென்றால் என் மைத்துனன் முதலில் வரிகளை மட்டும் படித்துக்கொண்டிருப்பான். கொஞ்ச மாதம் கழித்து ஒரு காட்சியில், கீழே வரி வருவதற்கு முன்பே சிரித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் "குன்யாதோ, அந்தப் பெண் அங்கே என்ன சொன்னாள்?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். குன்யாதோ என்றால் மச்சான்.

இந்தத் திரையரங்கின் அருமை இந்த ஊரின் சரித்திரம் தெரிந்தால் இன்னும் புரியும். 1991-இல் மட்டும் மெதெயினில் 6,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். இருட்டினால் யாரும் வெளியே வராத காலம் அது என்று என் மாமியார் சொல்வார். அந்தக் காலத்தில், 1990-இல்தான், இந்த மையம் "கினெதோஸ்கோபியோ" என்ற சினிமா இதழைத் தொடங்கியது. அப்போது இங்கே இருந்த பால் பார்ட்வெல் என்ற அமெரிக்கர்தான் சினிமாவை இந்த இடத்தின் உயிராக ஆக்கியவர். 2004-இல் இறந்துபோனார். காட்சிக்கூடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே ஓர் ஆங்கிலப் பள்ளி சினிமாவைப் பற்றி எழுதவும் பேசவும் இடம் கொடுத்தது சாதாரண விஷயமில்லை.

இதுபோன்ற இருநாட்டு மையங்கள் லத்தீன் அமெரிக்கா முழுக்க உண்டு. புவெனஸ் ஐரஸில் 1927-இல், லிமாவில் 1938-இல், பொகோட்டாவில் 1942-இல் என்று ஒவ்வொன்றாக வந்தவை. அமெரிக்கத் தூதரகத்தோடு உறவு இருந்தாலும் இவை தூதரகத்தின் கிளைகள் அல்ல, உள்ளூர்க்காரர்கள் நிர்வகிக்கும் லாபநோக்கமற்ற அமைப்புகள். இதைச் சொல்லக் காரணம், விசா வாங்க இங்கே போகலாமா என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். விசா நேர்காணலுக்குப் பொகோட்டாவில் உள்ள தூதரகத்துக்குத்தான் போகவேண்டும்.

ஒரு மனக்குறையும் உண்டு. பண்பாட்டுப் பரிமாற்றம் என்று இந்த மாதிரி மையங்கள் எல்லாமே சொல்கின்றன. ஆனால் ஆங்கிலம் இந்தப் பக்கம் வருகிற அளவுக்கு இந்த ஊர்ப் பாட்டும் கதையும் அந்தப் பக்கம் போவதில்லை. காட்சிக்கூடத்தில் கொலம்பியக் கலைஞர்களின் படைப்புகளைப் பார்க்கும்போது மட்டும் அந்தக் குறை கொஞ்சம் தீர்கிறது. டிக்கெட் எடுத்துவிட்டுப் படம் தொடங்கும்வரை அங்கே சுற்றுங்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மெட்ரோவில் பார்கே பெர்ரியோ நிலையத்தில் இறங்கினால் பொடிநடைதான். இந்த ஊர்ச் சிற்பி பொதேரோவின் பருத்த வெண்கலச் சிலைகள் நிற்கும் சதுக்கமும் நிலையத்தின் பக்கத்திலேயே. பகலில் கூட்டமும் கடைகளுமாகக் கலகலப்பான பகுதி. இரவில் கடைகள் மூடிவிட்டால் அப்படியில்லை. கைப்பேசியை வெளியே எடுக்காதீர்கள், கடைசிக் காட்சி பார்த்தால் வாசலிலேயே டாக்ஸி பிடித்துவிடுங்கள். அவசரமாக ஒரு சான்றிதழ் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. நிலை நிலையாகத்தான் ஏற்றுவார்கள், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் தங்களுக்குத் தோதான நேரத்தில் வகுப்பு இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், வகுப்பு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், அன்றைக்கு என்ன படம் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.