ஈஸி ஷிப்ட், டஃப் ஷிப்ட்: மார்க்கை சமப்படுத்துற முறைகள்ல எது நியாயம்?

இன்ஜினியரிங் என்ட்ரன்ஸான ஜேஇஇ மெயின் ரிசல்ட் வந்தாலே இந்தப் பஞ்சாயத்து ஆரம்பிச்சிடும், "எனக்கு 180 மார்க், பர்சன்டைல் 96, அவனுக்கு 160தான் ஆனா 97 வந்திருக்கு, இது என்ன கணக்கு"ன்னு பசங்க கேப்பாங்க, வீட்ல உள்ளவங்க ஏதோ கோல்மால் நடந்திருக்குன்னே முடிவு பண்ணிடுவாங்க. கோல்மால் எதுவும் இல்லைங்க. பரிட்சை பல ஷிப்டா நடக்குது, ரெண்டு பேரும் எழுதினது வேற வேற ஷிப்ட், வேற வேற பேப்பர், ஒண்ணு ஈஸி ஒண்ணு டஃப், அப்போ மார்க்கை அப்படியே பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்க முடியாது. ஏதாவது ஒரு முறையில சமப்படுத்தித்தான் ஆகணும். அந்த முறை எதுங்கிறதுலதான் விஷயமே இருக்கு, அதைப் பத்தி யாரும் பொறுமையா பேசறதே இல்ல.

முதல்ல நம்ம தமிழ்நாட்டு முறையைப் பார்ப்போம். என்ட்ரன்ஸை எடுத்துட்டு ப்ளஸ் டூ மார்க்ல இன்ஜினியரிங் சீட்டுன்னு 2006ல சட்டம் வந்தப்போ ஸ்டேட் போர்டு, சிபிஎஸ்இ மார்க்கை எப்படி ஒண்ணா சேர்க்கறதுங்கிற கேள்வி வந்துச்சு. ரொம்ப சிம்பிளா ஒரு கணக்கு போட்டாங்க: ஸ்டேட் போர்டுல ஒரு பாடத்துல முதல் மார்க் 100, வேற போர்டுல முதல் மார்க் 90ன்னா அந்த 90ஐ 100ஆ எடுத்துக்கணும், அங்க 60 எடுத்தவனுக்கு 66.66. யார் வேணா வீட்ல உக்காந்து போட்டுப் பார்க்கலாம், அதுதான் இதோட பெரிய பலம். ஆனா மொத்த அளவுகோலும் ஒரே ஒரு டாப்பரை நம்பி நிக்குது. எவ்வளவு டஃப் பேப்பரா இருந்தாலும் எங்கயோ ஒருத்தர் 100 எடுத்துட்டா ஃபார்முலா எதையும் மாத்தாது, மீதி லட்சம் பேர் திணறினது கணக்குலயே வராது. என்னைக் கேட்டா இது இருக்கறதுலயே பலவீனமான முறை.

இன்ஜினியரிங் முடிச்சவங்க எம்.டெக் மாதிரி மேற்படிப்புக்கு எழுதற கேட் (GATE) பரிட்சையில ஒரு பாடம் ஒண்ணுக்கு மேல ஷிப்ட்ல நடந்தா வேற கணக்கு. அந்த ஷிப்ட்ல டாப் 0.1 சதவீதம் பேரோட சராசரி ஒரு புள்ளி, ஷிப்டோட சராசரியையும் ஸ்டாண்டர்ட் டீவியேஷனையும் (மார்க் சராசரியிலேர்ந்து எவ்வளவு பரவியிருக்குங்கிற அளவு) கூட்டினா வர்றது இன்னொரு புள்ளி, எல்லா ஷிப்டுக்கும் சேர்த்து இதே ரெண்டு புள்ளியை எடுத்து, ஷிப்டோட புள்ளிகளை அந்த மொத்தப் புள்ளிகளோட பொருத்தி ஒரு நேர்கோடு போட்டுடறாங்க. தனி ஒரு ஆளை நம்பல, ரெண்டு பேருக்கு நடுவுல எவ்வளவு மார்க் வித்தியாசம்ங்கிறதும் ஓரளவு தங்குது. ஆனா டஃப் பேப்பர் எல்லாரையும் ஒரே மாதிரி அடிக்காது, நடுவுல இருக்கறவங்களுக்கு விழற அடி வேற, மேல இருக்கறவங்களுக்கு வேற, அதை ஒரே நேர்கோட்டுல பிடிக்க முடியாது.

இப்போ பர்சன்டைல். 2019ல என்டிஏ (நேஷனல் டெஸ்டிங் ஏஜென்சி) ஜேஇஇ மெயினை எடுத்ததுலேர்ந்து இதுதான். உங்க ஷிப்ட்ல உங்க மார்க்குக்கு சமமாவோ கீழயோ எத்தனை பேர், அதை ஷிப்ட்ல எழுதினவங்க எண்ணிக்கையால வகுத்து நூறால பெருக்கணும், அவ்ளோதான். 1 லட்சம் பேர் எழுதின ஷிப்ட்ல 97,000 பேர் உங்க அளவோ கீழயோ இருந்தா 97. நேர்கோடு கிடையாது, எங்க எவ்வளவு கஷ்டமோ அங்க அவ்வளவு தானா சரியாகுது, இந்த விஷயத்துல கேட் முறையை விட இது மேல்.

ஆனா இது உங்க திறமையை அளக்கலைங்க, உங்க கூட அன்னிக்கு உக்காந்த கூட்டத்துல உங்க இடத்தை அளக்குது. எல்லா ஷிப்ட்லயும் ஒரே தரத்துல கூட்டம் இருக்கும்ங்கிற நம்பிக்கை மேலதான் இந்த மொத்த கட்டடமும் நிக்குது. ஒரே வாரத்துக்குள்ள நடக்கற ஷிப்டுகளுக்கு ஆளுங்களை கலந்து போட்டா அது பெரும்பாலும் சரியா வரும். ஆனா ஜேஇஇ மெயின் வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்குது, ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் அதே மாதிரின்னு என்னால ஒத்துக்க முடியல, போர்டு எக்ஸாம் முடிச்சு இன்னும் படிச்சிட்டு வர்ற கூட்டம் ஜனவரி கூட்டம் இல்ல, ஆனா ரெண்டு பர்சன்டைலையும் ஒண்ணா பாவிச்சு எது பெட்டரோ அதை எடுத்துக்கறாங்க.

அப்புறம் பர்சன்டைலை ஏழு டெசிமல் வரைக்கும் போடறது. பார்க்க பயங்கர துல்லியமா தெரியும். 1,00,000 பேர் ஷிப்ட்ல தனியா செகண்ட் வந்தவருக்கு 99.999, 1,25,000 பேர் ஷிப்ட்ல செகண்ட் வந்தவருக்கு 99.9992, பின்னவர் ரேங்க்ல மேல போயிடுவார். கூட்டம் பெருசுங்கிறது தவிர அந்தக் கடைசி நம்பருக்கு வேற அர்த்தமே கிடையாது.

நாலாவதா ஐஆர்டி, அதாவது ஐட்டம் ரெஸ்பான்ஸ் தியரி. டென்மார்க் கணிதக்காரர் ஜார்ஜ் ராஷ் 1960ல இதோட ஒரு எளிய வடிவத்தை கொடுத்தார். யோசனை அழகானது: ஆளோட திறமையையும் கேள்வியோட கஷ்டத்தையும் ஒரே ஸ்கேல்ல வெச்சுடு, ரெண்டும் சமமா இருந்தா சரியா போடற வாய்ப்பு பாதிக்குப் பாதி, திறமை மேல போகப் போக வாய்ப்பு ஏறும். மாடல் பொருந்தி, பேப்பர்களுக்கு நடுவுல பொதுவான சில கேள்விகளும் இருந்தா கூட்டம் எப்படிப்பட்டதுங்கிற கவலையே இல்லாம கேள்வியோட கஷ்டத்தையே அளந்துடலாம். பல நாட்டு ஸ்கூல் பசங்களை ஒப்பிடற பீசா (PISA) சர்வே, அமெரிக்கக் காலேஜ் அட்மிஷனுக்கான டிஜிட்டல் எஸ்ஏடி (SAT) எல்லாம் இந்த வழியிலதான் ஓடுது. கணக்கா பார்த்தா மத்த மூணும் இதுக்குப் பக்கத்துலயே வராது.

அப்போ இங்கயும் கொண்டு வந்துட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. கேள்விகளை முன்னாடியே ஆளுங்ககிட்ட சோதிக்கணும், பொதுக் கேள்விகள் வெளியே கசியவே கூடாது, முழு பேப்பரை வெளிய விட முடியாது. நம்ம ஊர்ல பேப்பரும் ஆன்சர் கீயும் வெளிய வந்து, பசங்க ஒவ்வொரு கேள்வியா சேலஞ்ச் பண்றதுதான் இருக்கற ஒரே பாதுகாப்பு. அதைப் பிடுங்கிட்டு "கம்ப்யூட்டர் சொல்லுது, நம்பு"ன்னு சொன்னா நான் ஏத்துக்க மாட்டேன், கணக்கு எவ்வளவு சரியா இருந்தாலும்.

அதனாலதான் ஒரே நாள் ஒரே ஷிப்ட்ங்கிற கோரிக்கைக்கு இவ்வளவு பலம். 2024 நவம்பர்ல பிரயாக்ராஜ்ல உத்தரப் பிரதேச பிசிஎஸ் (மாநில அரசு அதிகாரி வேலைக்கான பரிட்சை) பிரிலிம்ஸ் எழுத இருந்தவங்க நார்மலைசேஷனே, அதாவது இந்த மார்க் சமப்படுத்தற கணக்கே வேணாம்னு ரோட்டுல உக்காந்தாங்க, பரிட்சை நடத்தற கமிஷன் இறங்கி வந்து ஒரே நாள்ல நடத்திச்சு. ரெண்டு ஷிப்ட்ல நடந்த, டாக்டருங்க மேற்படிப்புக்கு எழுதற நீட் பிஜியை 2025ல ஒரே ஷிப்டா மாத்தச் சொன்னது சுப்ரீம் கோர்ட். அதுக்காக ஒரே ஷிப்ட்ன்னா ஃபார்முலாவே வராதுன்னு இல்ல, எம்பிபிஎஸ் சீட்டுக்கான 2024 நீட் யுஜி ஒரே ஷிப்ட்தான், டைம் போச்சுன்னு 1,563 பேருக்கு ஒரு ஃபார்முலா வெச்சு கிரேஸ் மார்க் போட்டு, பெரிய கலவரமாகி, அதை வாபஸ் வாங்கி மறுபடி எழுத வாய்ப்பு கொடுத்தாங்க.

என் கருத்து இதுதான். 2, 3 லட்சம் பேர் எழுதற பரிட்சைன்னா சென்டரை கூட்டி ஒரே ஷிப்ட்ல முடிங்க, செலவு ஆனாலும் பரவால்ல. ஜேஇஇ மாதிரி கம்ப்யூட்டர்ல 10 லட்சம் பேருக்கு மேலன்னா பர்சன்டைல் போதும், ஆனா ஷிப்டுக்கு ஆளுங்களை எப்படி பிரிச்சாங்க, ஒவ்வொரு ஷிப்ட்லயும் எந்த மார்க்குக்கு எத்தனை பேர்ங்கிற முழு டேபிளையும் வெளிய போடணும், ஜனவரி ஏப்ரல் ரெண்டுலயும் எழுதினவங்களோட மார்க்கை வெச்சு ரெண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டு அந்தக் கணக்கையும் போடணும். டேட்டா எல்லாம் அவங்ககிட்டயே இருக்கு.