ஒன்பது மணிக்கு முன்னால் உலக முடிவு

உலக முடிவில், இலங்கை மலைநாட்டில் ஹோட்டன் சமவெளி சட்டென்று அறுந்து விழுகிற அந்த மலைவிளிம்பில், காலை ஒன்பது மணிக்கு முன்னால் நிற்க வேண்டும். ஹோட்டன் சமவெளிக்குப் போகப்போகிறோம் என்று சொல்கிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். வாகனம், தங்குமிடம், சாப்பாடு, உடுப்பு எல்லாவற்றையும் அந்த ஒன்பது மணியிலிருந்து பின்னோக்கி எண்ணி ஒழுங்கு செய்யுங்கள். இது தெரியாமல் நான் ஒரு முழு நாளைத் தொலைத்தேன். அது அம்மாவுக்காக வைத்திருந்த நாள்.

அம்மாவுக்கு 67 வயது. 1981இல் முதல் நியமனம் கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போனவர். 83 ஆடிக் கலவரத்தோடு ஊர் திரும்பினார். பிறகு அந்த மலைக்குப் போகவே இல்லை. அங்கே இருந்த காலத்தில் ஒருமுறை, தன்னோடு படிப்பித்த ஆசிரியைகளோடு ஒஹியாவில் றெயிலால் இறங்கி, காட்டுவழியே மேலே ஏறி உலக முடிவுக்குப் போயிருக்கிறார். போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. "ஒண்டும் தெரியேல்லை பிள்ளை. வெள்ளைச் சீலை கட்டின மாதிரி இருந்தது" என்று கனடாவின் ஸ்காபரோவில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். 2024 தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போவது என்று முடிவானதும், அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதை மட்டும் நான் மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

மாதத்தைப் பொறுத்தவரை எங்களுக்கு வாய்ப்பு நன்றாக அமைந்தது. தை தொடங்கி பங்குனி வரை அங்கே வானம் தெளிவாக இருக்கக் கூடிய காலம். வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் ஆட்கள் பெரும்பாலும் ஆடி, ஆவணியில், பள்ளிக்கூட விடுமுறைக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் சேர்த்துத்தான் வருகிறார்கள். அப்போது தென்மேற்குப் பருவக்காற்று அந்த மலையில் நேரே வந்து மோதும். மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும். சித்திரையில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம், தெருவில் வாகனம் நகராது. போயா என்கிற பௌர்ணமி விடுமுறை தினத்தோடு சேர்ந்து வருகிற நீண்ட வார இறுதிகளையும் தவிர்த்துவிடுங்கள்.

கனடாவில் இருந்தபடியே ஒரு பயண முகவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். கண்டியில் தங்கி, ஒரே நாளில் ஹோட்டன் சமவெளி போய்த் திரும்பலாம் என்றார்கள். முற்பணமும் கட்டினேன். வரைபடத்தைத் திறந்து பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கே மலைப்பாதையில் மூன்று மணித்தியாலம் வரும். அதற்கு மேல் அம்பேவெல, பட்டிப்பொல என்று ஏறிப் பூங்கா வாசலுக்குப் போக இன்னும் ஒன்றேகால் மணித்தியாலம். ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்ன வான் ஆறரைக்கு வந்தது. வழியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நிறுத்தினார்கள். அது திட்டத்தில் இருக்கிறதாம். அம்மா வாசலில் இறங்கும்போது பதினொரு மணி.

அனுமதிச் சீட்டு கொடுத்தவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே மூடுபனி வந்துவிட்டது, எதுவும் தெரியாமல் போகலாம் என்று முன்கூட்டியே சொன்னார். அவர் சொன்னதற்கு நான் நன்றியாக இருக்கிறேன். அவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று நடந்தோம். மர வேலியைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றார். முன்னால் ஒரே வெள்ளை. கீழேயிருந்து குளிர்ந்த ஈரக்காற்று முகத்தில் அடித்தது, அவ்வளவுதான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில்தான், "அண்டைக்கும் இதே மணம்தான்" என்றார்.

அன்றிரவு கண்டிக்குத் திரும்ப மறுத்து நுவரெலியாவிலேயே இறங்கிவிட்டோம். மீதிப் பயணத்துக்குக் கட்டிய காசு திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் நாங்கள் தங்கிய சின்ன விடுதியில், சமையலறையில் நின்ற அக்கா ஒரு தொலைபேசி இலக்கம் தந்தார். நானுஓயாவிலிருந்து ஒரு தம்பி, சொந்த வான். அவரிடம் பேசியபோது அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது: "அம்மாவால எவ்வளவு தூரம் நடக்க முடியும்ங்க?" விலை பேசுவதற்கு முன் இதைக் கேட்கிற ஓட்டுநர் கிடைத்தால் விடாதீர்கள்.

அவர் போட்ட கணக்கு இது. பூங்கா வாசல் ஆறு மணிக்குத் திறக்கும். நாலேகாலுக்கு விடுதியில் ஏறினால் வரிசையில் முன்னால் நிற்கலாம். ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கினால் அம்மாவின் நடைக்கும் எட்டரைக்கு உலக முடிவு. "மூட்டம் ஒன்பது, ஒன்பதரைக்கு ஏறிரும். அதுக்கப்புறம் நீங்க காசு கட்டியும் பிரயோசனம் இல்லீங்க." ஒருநாள் அம்மாவின் முழங்காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, வியாழன் அன்று புறப்பட்டோம்.

உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. றொறன்ரோ விமான நிலையம் வரை போட்டுக்கொண்டு போன குளிர் கோட்டுகளை யாழ்ப்பாணத்தில் மாமி வீட்டு அலுமாரியில் விட்டுவிட்டு வந்திருந்தோம். சமவெளி கடல்மட்டத்திலிருந்து 2100 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. தை மாத விடியலில் அங்கே புல்நுனியில் உறைபனி கட்டும். விடுதி அக்கா தன் கம்பளிச் சால்வையை அம்மாவுக்குப் போர்த்தி அனுப்பினார். கையுறையும் தொப்பியும் பையில் இருக்கட்டும். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் எல்லாவற்றையும் கழற்றுவீர்கள்.

அனுமதிச் சீட்டு விஷயம் எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்பது. உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு அதைவிடப் பத்து மடங்குக்கும் மேலான விலை. ஆள் கட்டணத்தோடு குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணம், வாகனத்துக்குத் தனியாக ஒன்று, இவற்றுக்கு மேல் வற் வரி. அந்த வரி 2024 தை முதலாம் திகதியிலிருந்துதான் 18 வீதமாகியிருந்தது. பழைய விலையை யாரிடமாவது கேட்டு வைத்துக்கொண்டு போகாதீர்கள். அம்மா இரட்டைக் குடியுரிமை எடுத்தவர், தேசிய அடையாள அட்டை வைத்திருக்கிறார்; அவருக்கு உள்ளூர் விலை. எனக்குக் கனடாக் கடவுச்சீட்டு. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் பிறந்த நான் அந்த யன்னலில் வெளிநாட்டுக்காரி ஆனபோது நெஞ்சில் ஏதோ இடறியது உண்மை. ஆனால் எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் தங்கள் மலையைப் பார்க்கச் சில்லறைக் காசு போதும் என்றால், நான் கூடக் கொடுப்பது சரிதான் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் மறக்காமல் அடையாள அட்டையைக் கொண்டு போங்கள்.

நடை தொடங்கும் இடம் ஃபார் இன் என்ற பழைய கட்டடம். வெள்ளைக்காரன் காலத்து வேட்டை விடுதி, இப்போது பார்வையாளர் நிலையம். கழிவறையும் சின்னச் சிற்றுண்டிச்சாலையும் அங்கே இருக்கின்றன. வயதானவர்கள் அங்கேயே எல்லாம் முடித்துக்கொண்டு நடக்கத் தொடங்குவது நல்லது. பிறகு பை சோதனை. பொலித்தீன் ஒன்றுகூட உள்ளே போகாது. பிஸ்கட்டை உறையிலிருந்து எடுத்துக் கடதாசிப் பையில் போட்டார்கள். தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருந்த பெயர்த்தாளை உரித்தெடுத்தார்கள். பக்கத்தில் ஒருவர் சலித்துக்கொண்டார். எனக்கு அந்தச் சோதனைதான் அங்கே நான் கண்ட மிகச் சிறந்த சேவை. அந்தச் சமவெளியில் மரை என்கிற பெரிய மான்கள் பொலித்தீனைத் தின்று செத்திருக்கின்றன. வாகனத் தரிப்பிடத்திலேயே ஒரு மரை வந்து நின்றது. சாப்பாடு கொடுக்காதீர்கள் என்று எழுதியிருந்தும் கை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் விடுதி அக்கா லன்ச் ஷீட் என்கிற பொலித்தீன் தாளில் கட்டாமல் வாழையிலையில் றொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டித் தந்திருந்தார். அது அப்படியே உள்ளே போனது.

வட்டப்பாதை முழுவதும் நடந்தால் ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்று மேலே. சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி வந்துவிடலாம். நீர்வீழ்ச்சிக்கு இறங்குகிற இடம் செங்குத்து, வழுக்கும். முழங்கால் நோவு உள்ளவர்கள் சின்ன உலக முடிவுப் பக்கமாகப் போய் அதே வழியால் திரும்புங்கள். ஏற்ற இறக்கம் குறைவு. தம்பி அப்படித்தான் சொல்லி அனுப்பினார், ஒரு தடியும் வெட்டி வைத்திருந்தார். முதல்நாள் யாரும் எங்களுக்கு இதைச் சொல்லவில்லை. அம்மாவை நீர்வீழ்ச்சிப் பக்கத்தால் நடக்க வைத்துவிட்டோம்.

அன்று அம்மா நடக்க நடக்கப் பேசினார். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கேதான் நீர் பிறக்கிறது என்று, பலகையில் எழுதிப் படிப்பித்த அதே குரலில் சொன்னார். சுற்றிவர எல்லா மலையும் தேயிலையாக மாறியபோது இது மட்டும் எப்படிக் காடாக நின்றது என்று கேட்டேன். 5000 அடிக்கு மேலே உள்ள காட்டைத் தொட வேண்டாம் என்று 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் பிரித்தானிய அரசுக்குச் சொன்ன ஆலோசனையால் என்றார். அப்படித் தப்பியதிலும் 1960களில் ஒரு பகுதியை உழுது விதை உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார்கள். 1969இல் இயற்கை ஒதுக்கமாக்கிய பிறகுதான் அது நின்றது. 1988இல் தேசிய பூங்கா. 2010இல் மத்திய மலைநாட்டோடு சேர்த்து உலக மரபுரிமை. அம்மா போனபோது அது இன்னும் தேசிய பூங்கா ஆகியிருக்கவில்லை. புல்வெளி முடிகிற இடத்தில் குள்ளமான மரங்கள், கிளையெல்லாம் பாசி தொங்க, காற்று வளைத்த பக்கம் வளைந்து நிற்கின்றன. சில இடங்களில் காடு நின்றபடியே காய்ந்திருக்கிறது. வெள்ளை எலும்பு போல அந்த மரங்களைப் பார்க்க மனம் கனத்தது.

சின்ன உலக முடிவில் ஏறத்தாழ 270 மீற்றர் பள்ளம். அங்கே கீழே மரங்கள் தெளிவாகத் தெரிந்ததும் எனக்குக் கால் வேகம் பிடித்தது. அம்மா தன் நடையில்தான் வந்தார். எட்டு நாற்பதுக்கு உலக முடிவு. நிலம் அப்படியே அறுந்து 800 மீற்றருக்கும் மேலாகக் கீழே இறங்குகிறது. தூரத்தில் சமனலவெவ நீர்த்தேக்கம் வெயில் பட்டு வெள்ளித்தட்டாகக் கிடந்தது. அம்மா அங்கே பார்க்கவில்லை. நேர் கீழே, தேயிலைப் பச்சைக்கு நடுவே நீளமாக ஒரு தகரக் கூரை வரிசை, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு.

"லயம்" என்றார் அம்மா. "இவ்வளவு உயரத்திலயிருந்து பார்த்தாலும் லயம் லயமாத்தான் தெரியுது."

அதில் எத்தனை காம்பிரா, அதாவது ஒற்றை அறை வீடு, இருக்கும் என்று எண்ணிப் பார்க்க முயன்றார். தன்னிடம் படித்த பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னார். தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்து வந்த அந்தச் சனத்தின் இருநூறு வருடத்தை நினைத்து 2023 ஆடியில் அதே பாதையால் ஆட்கள் நடந்ததை, கனடாவில் இருந்தபடி அம்மா நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒன்பது இருபதுக்கு மூட்டம் கீழேயிருந்து புகை மாதிரி ஏறத் தொடங்கியது. முதலில் கூரை மறைந்தது. பிறகு தேயிலை. அப்போதுதான் வந்து சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு வேலியில் அம்மா இடம் விட்டுக் கொடுத்தார். அவர்களுக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைத்திருக்காது.

திரும்பும் வழியில் பட்டிப்பொல றெயில் நிலையத்தில் நிறுத்தி இஞ்சிப் பிளேன்ரீ குடித்தோம். இலங்கையின் மிக உயரமான நிலையம் அது. தம்பியின் ஊர், தோட்டம் எல்லாம் அம்மா விசாரித்தார். அவருடைய தகப்பனார் படித்த பாடசாலை அம்மாவின் பாடசாலைக்கு அடுத்த தோட்டம். பேசிய காசுக்கு மேல் அவர் ஒரு சதமும் கேட்கவில்லை. நாங்களாகக் கொடுத்ததை அம்மாவின் கையிலிருந்துதான் வாங்கிக்கொண்டார்.

லண்டனிலிருக்கும் சித்தியின் மகள் பிள்ளைகளோடு ஆவணியில் போகிறாள். அவளுக்கு வேறு மாதம் கிடையாது. நான் எழுதி அனுப்பியது: கண்டியில் தங்காதே, நுவரெலியாவில் மூன்று இரவு தங்கு. முதல் விடியலிலேயே போ. மூட்டமாக இருந்தால் அடுத்த விடியலும் போ, அதற்கும் சேர்த்துச் சீட்டுக் காசை ஒதுக்கி வை. மழைச்சட்டை எடு. தம்பியின் இலக்கத்தைத் தனியாக அனுப்புகிறேன்.