தொங்பா செட் வாங்குகிறவர்களுக்கு: முதலில் குழல்

காத்மாண்டு, டார்ஜிலிங் பக்கம் போய் வருகிறவர்களின் பெட்டியில் கொழும்புக்கு வந்துசேரும் சாமான்களில் தொங்பா என்ற குரக்கன் மதுவைக் குடிக்கும் செட்டும் ஒன்று. மூடி போட்ட உயரமான ஏனம், அதற்குள் நிற்கும் ஒல்லிக் குழல், சில செட்டுகளில் மதுவைப் புளிக்கவைக்கும் மார்ச்சாவும் வெள்ளை வில்லையாக. பித்தளைப் பட்டியின் மினுக்கத்தைப் பார்த்துத்தான் பலர் வாங்குகிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது. இதில் வேலை செய்வது குழல்.

கிழக்கு நேபாளத்து லிம்பு இன மக்களின் வீட்டுக் குடி இது. ஏனத்துக்கும் குடிக்கும் ஒரே பெயர். உள்ளே போவது நாங்கள் புட்டுக்கு மாவாக்கும் அதே குரக்கன், நேபாளியில் கோதோ. முழுத் தானியத்தை அரை மணி நேரம் அவித்து, வடித்து, மூங்கில் பாயில் பரப்பி ஆறவிட்டு, நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு மார்ச்சாத் தூள் கலப்பார்கள். பன்ன இலை விரித்த கூடையில் 2 முதல் 4 நாள் வைத்தால் பூஞ்சணம் மாப்பொருளைச் சீனியாக்கும். பிறகு பானையில் காற்றுப் புகாமல் அடைப்பார்கள். கோடையில் 3, 4 நாள், குளிரில் 5 முதல் 7 நாள். அதற்குள் மதுவம் சீனியை மதுசாரமாக்கிவிடும். கூடையில் அவசரப்பட்டால் சீனி போதாமல் சப்பென்றிருக்கும். பானை வாய் சரியாக அடைபடாவிட்டால் காடிதான். நன்றாக வந்ததில் மதுசாரம் நூற்றுக்கு 5 அளவில், ஏறக்குறைய கள்ளு மாதிரி.

மார்ச்சா பெண்களின் கைவேலை. ஊறவைத்த அரிசியை இஞ்சி, மிளகாய், சித்திரமூல வேர் சேர்த்து இடித்து, பழைய மார்ச்சாத் தூளைக் கலந்து வில்லை தட்டி, பன்னத்தால் மூடிவைத்து, பிறகு வெயிலில் காயவைப்பார்கள். (சித்திரமூலத்தின் தாவரவியல் பெயரில் வரும் 'சைலானிக்கா' எங்கள் இலங்கைதான்.) செட்டோடு வந்த வில்லையைக் கொழும்பில் குரக்கனில் தூவிப் பார்க்கும் யோசனை வேண்டாம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் மது செய்வது மதுவரிச் சட்டப்படி குற்றம். "கசிப்பு இல்லை, வெறும் குரக்கன்" என்ற விளக்கம் எடுபடாது.

நேபாளத்தில் இதன் நிலைமையே வேறு. 1854இன் முலுகி ஐன் சட்டம் சாதிகளைப் பூணூல் போட்டவர்கள், மத்வாலிகள், அவர்களுக்கும் கீழானவர்கள் என்று பிரித்தது. மத்வாலி என்றால் குடிக்கிறவர்கள். லிம்பு, ராய், தமாங் இனத்தவர் எல்லாரும் மத்வாலிகளில்தான் வந்தார்கள். சட்டம் தாழ்த்திச் சொன்ன அதே குடியைத்தான் லிம்பு வீடு வந்த விருந்தாளியின் முன்னால் முதலில் வைக்கும். பிள்ளை பெற்ற தாய்க்கு உடம்பு தேற அரிசி ஜாட் (இப்படிப் புளிக்கவைத்த மது) கொடுக்கும் வழக்கமும் உண்டு. காத்மாண்டுவில் இந்திர ஜாத்திரை நாட்களில் சுவேத பைரவரின் வாயிலிருந்து குழாய் வழியாக ஜாட் கொட்டும். ஒரு வாய் பிடிக்கக் கூட்டம் முண்டியடிக்கும். ஊர்க்கோயிலில் கள்ளு வைத்துப் படைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது.

இனிக் குழல். பெயர் பிப்சிங். அடிமுனை அடைபட்டிருக்கும், சற்று மேலே பக்கவாட்டில் துளை அல்லது கீறல். துளை குரக்கன் மணியை விடப் பெரிதானால் மணியும் உமியும் வாய்க்கு வரும். தலைமயிர் அளவானால் இரண்டாம் உறிஞ்சலிலேயே அடைத்துக்கொள்ளும். மார்ச்சா இல்லாமலே சோதிக்கலாம்: 300 கிராம் முழுக் குரக்கனை அவித்து வடித்து ஏனத்தில் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி, 10 நிமிடம் விட்டு, குழலை அடிவரை இறக்கி உறிஞ்சுங்கள். கிண்டக் கூடாது, கிண்டினால் நொறுங்கிய மணி துளையில் போய் உட்காரும். மூன்று வாய் தெளிவாக வந்தால் நல்ல குழல். உலோகக் குழல் அடைப்பது குறைவு, ஆனால் உதட்டைச் சுடும். எங்கள் தெரிவு மூங்கில்.

அசல் தொங்பாவிலும் இதே முறைதான். தண்ணீர் ஊற்றி 10, 15 நிமிடம் பொறுத்து உறிஞ்சுவார்கள். வற்றினால் மறுபடி ஊற்றுவார்கள். இரண்டு மூன்று தடவையில் சாரம் போய்விடும். பிளாவில் வாங்கி ஒரே மூச்சில் இறக்கும் கள்ளுக்கு நேர் எதிர். ஒரு ஏனத்தோடு ஒரு பின்னேரமே போய்விடும், அதற்குள் ஊர்க்கதை எல்லாம் முடியும்.

ஏனத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அலுமினியம் மலிவு, ஆனால் கையைச் சுடும். மரத்தில் பித்தளைப் பட்டி போட்டது அழகு. குளிரூட்டிய அறையில் மரம் காய்ந்து சுருங்கினால் பட்டி கழன்று கீழே இறங்கும், பிறகு ஒழுகும். உட்பக்கம் வார்னிஷ் அடித்ததை வாங்கவே வேண்டாம்: கடையிலேயே கொஞ்சம் சுடுதண்ணீர் கேட்டு ஊற்றி, ஐந்து நிமிடத்தில் முகர்ந்து பாருங்கள், பெயின்ற் மணத்தால் அடையாளம் தெரிந்துவிடும். மூங்கில் ஏனத்துக்குக் கொழும்பின் ஈரக்காற்று பகை. சவர்க்காரம் போட்டால் மணத்தைக் குடித்துவிடும். உப்புப் போட்ட சுடுதண்ணீரில் அலசி, மூடியைத் திறந்தபடி கவிழ்த்து நிழலில் காயவிடுங்கள். மூடி வைத்தால் ஒரு கிழமையில் உள்ளே பச்சைப் பூஞ்சணம்.

மூங்கில் குழல் பிளந்தால் புறக்கோட்டை முழுக்கத் தேடினாலும் மாற்றுக் கிடைப்பது கடினம். வாங்கும்போதே இரண்டாகக் கேளுங்கள்.